பதினோரு வருடத்து மல்லிகை

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே காலை வெயிலும் நீலமாக விழுகிறது. மனைவி நிலானியின் பின்னால் நின்று சிவேந்திரன் அவள் கொண்டையில் மல்லிகை வைக்கிறான். கல்யாணமான பதினோரு வருடத்தில் இதுதான் முதல் முறை. இருவருக்கும் உளவுத்துறையில் வேலை. எதிர்க்கடையில் தேநீர் குடிப்பவனின் பையில் வெடிகுண்டு இருக்கலாம். சிவேந்திரனின் கண் அந்தப் பைமேல். விரல்கள் மட்டும் அவள் தலையில் துழாவுகின்றன. "குடுத்து வச்சவங்க லா அக்கா நீங்க," என்கிறாள் பூக்காரி. வாளியில் அழுகும் பழைய மாலைகளின் நாற்றம் மல்லிகையோடு கலந்து நிலானியின் மூக்கில் ஏறுகிறது. "சிரி லா, அவன் பாக்குறான்," என்கிறான் கணவன், காதோரமாக. சிரிக்கிறாள். கொண்டை ஊசி அவள் மண்டையில் குத்தி இறங்குகிறது. கணவன் கவனிக்கவில்லை. அவளுக்கு வலிக்கிறதே என்று முகம் சுளிப்பவன், எதிரே தேநீரோடு இருக்கும் அந்த ஒருவன்தான்.