சத்தம் போடும் கிளையண்ட்

“அந்த மனுஷனை இந்த வருஷத்தோட தலைமுழுகிடலாம், சார்!” என்றாள், அலுவலகத்தில் போன் எடுக்கும் அக்கா.

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு முடிந்த மறுநாள் காலை. மலைபோல் கிடந்த கோப்புகள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. மேஜைகள் என்ன நிறம் என்பதே இன்றுதான் தெரிந்தது. எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சீசன் முடிந்ததும் முதலாளி இப்படி ஒரு கூட்டம் போடுவார். எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று ஊழியர்கள்தான் சொல்ல வேண்டும்.

“எந்த மனுஷன்?” என்றார் முதலாளி.

“தினமும் கத்துவாரே, அந்தப் பென்ஷன்காரர். ‘எங்கே அந்தம்மா? அவங்ககிட்ட குடு!’ன்னு எடுத்த எடுப்பிலேயே இடி. என் காது ஜவ்வு இன்னும் கிழியாம இருக்கிறதே பெரிய விஷயம்.”

சிரிப்பினூடே எல்லோர் பார்வையும் ஜன்னலோரம் இருந்த இளம்பெண்மேல் போயிற்று. ‘இடிதாங்கி’ என்பது அவளுக்கு அங்கே வைத்திருந்த பெயர்.

அந்த அலுவலகத்தின் ஏற்பாடு அப்படி. சீசனில் சொந்த போன்கள் எல்லாம் வாசல் பெட்டியில் பூட்டப்படும். ஒரு வருஷம் யாரோ வீட்டோடு பேசிக்கொண்டே ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டதால் வந்த சட்டம். வீட்டிலிருந்து அழைத்தால், உயிர் போகிற அவசரம் தவிர, செய்தி மாலையில்தான் கைக்கு வரும். கிளையண்ட் அழைத்தால், யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் பேச வேண்டும். சண்டைக்கு வருகிறவர்கள் மட்டும் நேரே இடிதாங்கிக்கு. யாரையும் ஐந்து நிமிஷத்தில் தணித்துவிடுவாள்.

“பொறுமைன்னா அதுதான் சார் பொறுமை,” என்றார் கணக்குப்புலி. அங்கே ரொம்ப வருஷமாக இருப்பவர். லேசில் யாரையும் மெச்சாதவர். “அந்த ஆள் பேசப் பேச இவ முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. நானா இருந்தா போனைச் சுவத்துல அடிச்சிருப்பேன். ஒருநாள் என்ன சொன்னாரோ, பாவம், கண்ணே கலங்கிடுச்சு. என்னம்மான்னு கேட்டா ‘ஒண்ணுமில்லண்ணா’ன்னுட்டு அடுத்த ஃபைலை எடுத்துட்டா. அந்த ஃபைல்ல நான் விட்ட தப்பைக்கூடக் கண்டுபிடிச்சா!”

“அதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளாச்சாண்ணே?” என்று அக்கா சீண்டினாள்.

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். “என் ஆளுங்களை அழ வெச்சுத்தான் ஒருத்தர் கணக்குக் குடுக்கணும்னா, அவர் வேற இடம் பார்த்துக்கட்டும். இன்னிக்கே கடிதம் போட்டுடறேன்.”

“வேண்டாம் சார்!”

இடிதாங்கி எழுந்தே நின்றுவிட்டாள். சீசன் முழுக்கப் பதறாத குரல் பதறியது.

“அவர் அப்படிப்பட்டவர் இல்ல, சார். முதல் வார்த்தைதான் இடி. அப்புறம் கேட்டா குழந்தை பேசற மாதிரிதான் இருக்கும்.”

“நீ எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவே. உட்காரும்மா.”

“அவரை விட்டுடாதீங்க, சார். தயவுசெஞ்சு.” சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள். “அவர் இல்லேன்னா அடுத்த சீசனுக்கு நான் இருப்பேனான்னே தெரியல.”

கணக்குப்புலி தலையை ஆட்டினார். “கேட்டீங்களா! திட்டின ஆளுக்காக வேலையையே விடறேங்கிறா. நாமெல்லாம் எந்த மூலைக்கு?”

“எனக்கே வெக்கமா இருக்கு,” என்றாள் அக்கா. “தினமும் அவர் போனை வெச்சதும் நான் என்னென்ன சாபம் விட்டிருப்பேன்!”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. உனக்காக அவர் இருக்கட்டும். ஆனா எல்லார் எதிரேயும் நீ திட்டு வாங்க வேண்டாம். அடுத்த சீசன்ல அவர் கூப்பிட்டா, என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசு. எத்தனை நிமிஷம் ஆனாலும் சரி, யாரும் கேட்கமாட்டோம். இனிமே அதுவும் நம்ம வழக்கம். எல்லாருக்கும் சம்மதமா?”

கைதட்டினார்கள். இடிதாங்கி குனிந்து பேனா மூடியைத் தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று எல்லோரையும் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி.

இடிதாங்கி தன் வீட்டு அழைப்புமணியை அழுத்தாமல் விரலால் கதவைத் தட்டினாள். திறந்த மாமனாரின் முகத்தில் கவலை அப்பியிருந்தது.

“என்னம்மா, என்னை நீக்கிட்டாங்களா?”

“இல்ல மாமா. கத்தறதுக்குத் தனி ரூமே குடுத்துட்டாங்க!”

“அப்பாடா! நான் கத்தறது என்னவோ ‘அந்தம்மாகிட்ட குடு’ங்கிற வரைக்கும்தானே,” என்று, தோளில் உறங்கும் எட்டு மாதப் பேத்தி விழித்துவிடாதபடி கிசுகிசுத்தார் அவர். “அப்புறம் உன்கிட்ட பேசறதெல்லாம் இவதானேம்மா!”