கழற்றாத ஷூ

எல்லோரும் உள்ளே போயாகிவிட்டது. பாலசுப்ரமணியன் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

படியோரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர் மனைவி கல்யாணியின் செருப்பும் அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும், கால் கழுவிக்கொண்டு வருவதற்காக.

மாப்பிள்ளை வீட்டார் அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்யும் குடும்பம். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கல்பாக்கத்திலிருந்து ஆபீசர் சம்பந்தி வருகிறார் என்று தரையைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள்.

பையன் சிறுசேரியில் அவர் மகள் அனுவோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன். கட்டினால் அவனைத்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

உள்ளே போவதுதான் பிரச்சினை. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே அவருடையது இல்லை.

நாலு வருஷம் முன்னால் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஒரு லாரி ஸ்கூட்டரோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கால் தாங்கித் தாங்கித்தான் நடக்கவிட்டது. அனுவுக்கு முதலில் வந்த ஒரு வரன் அந்த நடையைப் பார்த்துவிட்டு, பொருந்தியிருந்த ஜாதகத்தைப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அதனால்தான், மாமல்லபுரம் ரோட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புதுமாதிரிக் கால் ஒன்றைப் போட்டுப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றார். விஞ்ஞானத்துக்கு ஒரு சேவை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டார். விஞ்ஞானமாவது மண்ணாங்கட்டியாவது. நொண்டாமல் போய் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சோதனை முடிந்தால் காலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தார். பையனிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்று அனுவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மாதக்கணக்கில் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டு நடந்தார். சரிவில் ஏறினார், படி இறங்கினார், மணலில்கூட நடக்கவிட்டார்கள். எல்லாம் ஷூ போட்டுக்கொண்டு. அந்தப் பாதமே ஷூவின் குதிகால் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஷூவைக் கழற்றினால் கால் பின்பக்கம் சாய்ந்து ஆளையும் சேர்த்துச் சாய்க்கும்.

ஷூ இல்லாமல் நடந்து பாருங்கள் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. இவருக்கும் தோன்றவில்லை. தன் வீட்டு வாசலில் ஷூவோடு சேர்த்துக் காலையும் கழற்றிவிட்டு, அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு உள்ளே போகிறவர் அவர். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வெறுங்காலை மறந்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பி அழைத்தார். பையனின் அத்தை காபித் தட்டோடு நின்றாள். கல்யாணியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

கழற்றினால் விழுவார். விழாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிடும்.

அவர் ஷூவோடு உள்ளே நடந்தார்.

நல்ல நடை. ஆராய்ச்சிக்கூடத்தில் என்றால் கைதட்டியிருப்பார்கள். ஈரம் காயாத தரையில், விளக்கேற்றி வைத்திருந்த சாமி படங்களுக்கு முன்னால்வரை மண் தடம் விழுந்தது.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், வூட்டுல சாமி கீறது ஆபீசருக்குக் கண்ணு தெரியலியா என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. கல்யாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பார்வையாலேயே அடக்கினார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் முகம் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் நல்ல மனுஷர். கோபத்தை விழுங்கிக்கொண்டு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“காலுல எதுனா புண்ணு கீதா சார், சக்கர வியாதியா? அப்டின்னா சொல்லிடுங்க, வூட்டுல நான் சொல்லிக்கிறேன்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சர்க்கரை வியாதிக்காக யாரும் சம்பந்தத்தை முறித்ததில்லை. கல்யாணம் நடந்துவிடும்.

ஆனால் கேட்டவர் முகத்தில் கோபம் வடிந்து வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. பாலசுப்ரமணியனுக்கு அது நன்றாகத் தெரியும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவன் முகம். ஆபீசில் இவர் செய்த தப்பை வாய் பேசாமல் திருத்தி வைக்கிற குமாஸ்தாவின் முகம். நாலு வருஷமாக ஒருத்தரும் அவரைத் திட்டியதில்லை, கல்யாணிகூட. இப்போதுதான், இந்தக் கொஞ்ச நேரமாகத்தான், ஒரு வீடே அவர்மேல் கோபமாக இருந்தது.

“புண்ணெல்லாம் ஒண்ணும் இல்லை. ஷூவைக் கழட்டிட்டு நிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது,” என்றார்.

அப்புறம் யாரும் காபி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

திமிர் பிடித்தவன் என்று முதுகுக்குப் பின்னால் அத்தை சொன்னாள். அவர் நிமிர்ந்து, துளிகூட நொண்டாமல், காரை நோக்கி நடந்தார். நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் பொங்கியது.

கார் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறும்வரை அது இருந்தது. அப்போது கல்யாணியின் செல்போன் அடித்தது. அனுவின் பெயரைப் பார்த்ததும் அவள் அதை எடுத்துப் பேசாமல் அவர் கையில் வைத்தாள்.