கூட்டினால் இரண்டு

முன்னால் அறுபத்தெட்டு. கடைசியில் எழுபத்து மூன்று. எல்லா இலக்கத்தையும் கூட்டினால் இரண்டு.

லாரியில் ஏற்றத் தூக்கிய கேஸ் சிலிண்டரை, குடோனில் ஏற்றி இறக்கும் அவர் அப்படியே தரையில் இறக்கினார்.

இதே அடையாளம் உள்ள ஒன்றைத்தான், கசிகிற சிலிண்டர் என்று காலையில் மூலையில் ஒதுக்கியிருந்தார். அது வைத்த இடத்திலேயே நிற்கிறது.

நாற்பது வயசுக்கு மேல் எண்ணும் எழுத்தும் படித்தவர். சுவரில் ஒட்டிய கசிவுப் பட்டியலில் ஏழு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, அடுக்கு வரைக்கும் நடப்பதற்குள் பாதி உதிர்ந்துவிடும். அதனால் தலையையும் வாலையும் மட்டும் மனசில் வைத்துக்கொள்வார். மொத்தத்தையும் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி எடுத்துக்கொண்டு போவார்.

பதினொரு வருஷமாக இப்படித்தான். அவர் கை பட்டால் தப்பு வராது என்று குடோனில் பேர்.

“என்னண்ணே, ஏத்தச் சொன்னா வாய்ப்பாடு ஒப்பிச்சிட்டு நிக்கிறீங்க. ஊர்ல பாதி அடுப்பு நமக்காகக் காத்துக் கெடக்கு” என்றான் லாரி டிரைவர்.

அவர் காதில் விழவில்லை. சிலிண்டரில் குத்தியிருந்த எண்ணை விரலால் தடவித் தடவிப் படித்தார். 6841973.

மூலைக்குப் போனார். 6814973.

பட்டியலுக்குப் போனார். 6841973.

நாற்பத்தொன்று, பதினாலு. நல்லதை ஒதுக்கிவிட்டுக் கசிவதை யார் வீட்டுக்கோ அனுப்ப இருந்தார்.

இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். ஆபத்து தலைக்கு மேலே வந்து விலகிப் போனது.

சாக்பீஸை எடுத்துத் தரையில் குந்தினார். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தார். இருபத்தேழாயிரம். ஒன்பதால் வகுத்தார். மிச்சமில்லாமல் போனது.

எழுபத்திரண்டு, இருபத்தேழு. நாற்பத்தைந்து. தொண்ணூற்று மூன்று, முப்பத்தொன்பது. ஐம்பத்து நாலு. எந்த இரண்டு இலக்கத்தைப் புரட்டினாலும் வித்தியாசம் ஒன்பதாம் வாய்ப்பாட்டில்தான் போய் விழுந்தது. ஒன்பது ஒன்பதாக ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஒற்றை இலக்கம் அசையவில்லை.

ஆயிரம் தடவை கூட்டியிருந்தாலும் இலக்கம் இடம் மாறியதை அது சொல்லியிருக்காது.

டிரைவர் ஹாரனை அழுத்தினான். அவர் எழுந்திருக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி வீட்டு அடுப்படி வெடித்து மாப்பிள்ளை போனார். அந்த வீட்டுக்குப் போன சிலிண்டரை ஏற்றி அனுப்பியதும் இவர்தான். துக்கத்துக்கு வந்த கூட்டம் இவர் வாயையே பார்த்தது.

“நம்பரக் கூட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். சிலிண்டர் மேல தப்பில்ல” என்றார்.

அதற்கப்புறம்தான் எல்லாரும் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.