இருபத்திரண்டு படிகள்

“உள்ள போவ ரெண்டு டிக்கெட் குடுங்க சார்,” என்றாள் பொன்னி. அவளுக்கு மூச்சு வாங்கியது. சிதம்பரம் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கணவனை முதுகில் சுமந்துகொண்டு வந்திருந்தாள். காய்த்துப்போன அவன் கைகள் அவள் தோளை இறுகப் பற்றியிருந்தன.

படகுத்துறை மேலாளர் சபாபதி கவுன்டரை விட்டு வெளியே வந்தார். அவள் கணவன் அய்யனாருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. சுனாமியன்று இடிந்து விழுந்த சுவர் நசுக்கிப் போட்டு ஏழு வருஷமாகிறது.

“இவர வச்சுக்கிட்டு எப்புடிம்மா எறங்குவ? இருவத்திரண்டு படி. பூரா பாசி.”

“சாய்வா ஒரு பாத போடப்போறதா போர்டுல எழுதியிருக்கே சார்?”

“அது பிளான்ல இருக்கும்மா. அடுத்த வருஷம் வா.”

அடுத்த வருஷமா! சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. பத்துக்குள் இவனைக் கீழே சேர்த்தாக வேண்டும். ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. “தண்ணிகிட்ட போற வரைக்கும் வாயத் தெறக்காத புள்ள. சொன்னா சிரிச்சே அனுப்பிருவாங்க” என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தான்.

“நான் கைய ஊணியே எறங்கிருவேன் சார்,” என்றான் அய்யனார்.

“குடும்பம் குடும்பமா ஜனங்க வர்ற எடம்யா இது. நீ தவழ்ந்து போனா பாக்கறவுங்க என்ன நெனப்பாங்க?”

வரிசையில் நின்ற ஒருத்தி கைப்பையைத் திறந்து பத்து ரூபாய்த் தாளை அய்யனாரின் கையில் திணிக்கப் பார்த்தாள். அவன் கையை மூடிக்கொண்டான்.

பொன்னி அவனைச் சிமென்ட் கட்டையில் இறக்கி வைத்தாள். மறுகணம் சபாபதியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்கி ஒரு நாளு மட்டும் சார். இத வுட்டா எங்களுக்கு வேற கெதியில்ல.”

“அட, எந்திரிம்மா. பாவம், ஆசப்படறாரு...” சபாபதி இளகிவிட்டார். காவலாளிகள் இருவரைக் கூப்பிட்டார். “இவரத் தூக்கிட்டுப் போயி, கட்டிப்போட்ருக்கற படகுல உக்கார வைங்கப்பா. கொஞ்ச நேரம் தண்ணியப் பாத்துட்டு வரட்டும். பத்து மணிக்கு எனக்கு வேல இருக்கு.”

பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கிப்போய் நடுப்பலகையில் வைத்தார்கள். “கெட்டியாப் புடிச்சிக்கய்யா, ஆடும்” என்று எச்சரித்துவிட்டுத் திரும்பினார்கள். பொன்னி கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அய்யனார் கைகளை ஊன்றிப் படகின் பின்கோடிக்கு நகர்ந்தான்.

மணி பத்து. சபாபதி ஒரு காகிதத்தோடு கரைக்கு இறங்கி வந்தார். எதிரே பதினைந்து வாலிபர்கள் நின்றார்கள்.

“படகோட்டி வேலைக்கு மனு போட்டவுங்க, பேரச் சொன்னதும் வந்து ஓட்டிக் காமிக்கணும். மொதல்ல, அய்யனார்!”

யாரும் அசையவில்லை.

“அய்யனார் வரலையா? பேர அடிச்சிரட்டுமா?”

படகின் பின்கோடியில் துடுப்பு உயர்ந்தது.

“இருக்கேன் சார். கயித்த அவுத்து விடுங்க.”