பாப்பாவின் குரல் நாளைக்கு

டப்பிங் அறை இருட்டாக இருக்கிறது. மைக் முன்னால் குரல் கொடுப்பவர் தனியாக நிற்கிறார். எதிர்த் திரையில் ஓர் அயல்நாட்டுப் படம், பழைய அமெரிக்க மாயர் காலத்துக் காடு. பலிமேடையிலிருந்து தப்பித்த ஒருவன் அம்பு பாய்ந்த தோளோடு ஓடி வருகிறான். இதுவரை அவனுக்கு வசனமே கிடையாது, மூச்சுதான். காலையிலிருந்து அவனுக்காக மூச்சு வாங்கி இவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. குடிசை வாசலில் நின்று அவன் "கண்ணு!" என்கிறான். மகள் ஓடி வருகிறாள். வாய் திறக்கிறது, சத்தமில்லை. பாப்பாவின் குரலை நாளைக்குத்தான் பதிவார்கள். அவனுக்காக இவர் அழுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், "அழுகை ஒட்டலண்ணே, ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு. இன்னொரு டேக் போச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. வீட்டுல உங்க பாப்பாவ நெனச்சுக்குங்க" என்கிறார்.

"அவ எங்கிட்ட பேசறதில்லப்பா. படத்துல பாப்பா வாய் தொறக்கற எடத்துல நீ ஒரு தடவ கூப்புடு."

"நானா? எங்குரலு தகரத்த இழுத்த மாதிரி இருக்குமேண்ணே!"

"பரவால்ல, கூப்புடு."

படம் மறுபடி ஓடுகிறது. மகள் வாய் திறக்கும்போது, ஹெட்போனில் அந்தத் தகரக்குரல் கூச்சத்தோடு "அப்பா" என்கிறது. இவர் மைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். திரை கறுத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. டேக் ஓகே என்று சொல்ல வாயெடுத்த இன்ஜினியர், பதிவை மட்டும் நிறுத்துகிறார்.