மஞ்சள் பெட்டிக்கே உங்கள் ஓட்டு

ஓட்டுப் போட்டு முடிந்ததும் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரை திரையை விலக்கினார். மேசை மேல் இருந்த இரண்டு ஓட்டுப் பெட்டிகளும் மஞ்சளாக இருந்தன.

காலையில் உள்ளே வைக்கும்போது ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. வைத்தவரே அவர்தான்.

துரையின் முகம் சிவந்தது. அந்த ஒரு நிறம்தான் அன்றைக்குக் குறைச்சலாக இருந்தது.

அது முப்பத்தேழாம் வருஷம். ராஜதானி முழுக்கக் கலர் பெட்டி வைத்துத் தேர்தல் நடத்தி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறம் பார்த்துப் போடட்டும் என்று செய்த ஏற்பாடு. பட்டணத்தில் எங்கள் கல்லூரியின் மாணவர் சங்கத் தலைவர் தேர்தலுக்கும் துரை அதையே வைத்தார். பி.ஏ. வகுப்பை அவர் எவ்வளவு சரியாக எடை போட்டிருந்தார் என்பது பிற்பாடுதான் விளங்கியது.

மஞ்சள் பெட்டி, பருத்திப்பட்டு ஜம்புலிங்கத்துக்கு. பச்சை, பூந்தமல்லி ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை கலீலுல்லாவுக்கு.

நான் ஜம்புலிங்கத்தின் பிரசார மந்திரி. அம்பத்தூரில் ரயில் ஏறினால் பட்டணம் போய்ச் சேரும்வரை "மஞ்சள் பெட்டி, மஞ்சள் பெட்டி" என்று கத்துவேன். இஞ்சின்காரர் ஊதலை எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். ஒரு மாதம் என் குரலிலேதான் வண்டி ஓடியது.

கல்லூரி மொத்தமும் மஞ்சளுக்குச் சாய்ந்துவிட்டது. மெஸ் சமையல்காரர் சாம்பாரில் மஞ்சள் கூடுதலாகப் போட்டார். கலீலுல்லா தங்கமான பையன். தானும் ஜம்புலிங்கத்துக்கே போட்டிருப்பான், தனக்கென்று ஒரு ஓட்டாவது விழ வேண்டுமே என்றுதான் பச்சைக்குப் போடுகிறான் என்று அவனே எங்களிடம் சொல்லி வருத்தப்பட்டான்.

ஜம்புலிங்கத்துக்கு இது நாற்காலி விவகாரமில்லை. தலையெழுத்து விவகாரம். வக்கீலாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஏரிக்கரை நிலத்தில் ஒற்றை ஆளாக உழுதுகொண்டிருந்த அவன் அப்பா வீராசாமிக்கோ பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று ஆசை. இருவரும் மூன்று நாள் சண்டை போட்டு ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள்: ஜெயித்தால் படிக்கலாம், தோற்றால் ஏரைப் பிடிக்க வேண்டும்.

அதனால்தான் ஜம்புலிங்கம் இரண்டு மஞ்சள் பெட்டிகளைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டான்.

துரை பியூனைப் பார்த்தார். பியூன் துலுக்கானம் வாசலைப் பார்த்தான்.

வாசலில் வீராசாமி நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் மஞ்சள். கையில் காலிச் சொம்பு.

விடியற்கால வண்டியிலேயே வந்துவிட்டாராம். ஓட்டு ஆரம்பிப்பதற்குள் பிள்ளையின் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று துலுக்கானத்திடம் கெஞ்சியிருக்கிறார். துலுக்கானம் எங்கள் பக்கத்துக் கள்ளிக்குப்பத்துக்காரன். சாமி காரியத்தைத் தடுத்துப் பாவத்தைச் சம்பாதித்துக்கொள்வானா? கதவைத் திறந்துவிட்டு பீடி பிடிக்கப் போய்விட்டான்.

பிள்ளையின் பெட்டி சரி, அடுத்தவன் பெட்டிக்கு எதற்குப் பூசினார் என்று துரை கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

வீராசாமி மகனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நல்லேர் பூட்டச் சொல்லோ, கலப்பைக்குப் பூசிட்டு மம்புட்டிய மொட்டையா உட்டுடுவாங்களா நைனா? பாவம், அதுவும் ஒரு ஆயுதந்தானே."

நியாயம்தான். வருஷத்து முதல் ஏர் பூட்டும் அன்றைக்கு மண்வெட்டிக்கும் மஞ்சள் உண்டு என்றுதான் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

துரை கைக்குட்டையை எடுத்து ஒரு பெட்டியைத் துடைத்தார். நாலு விரல் ஆழத்துக்கு மஞ்சள் பெயர்ந்து வந்தது. அடியில் பச்சை. அடுத்த பெட்டியில் ஒரே ஒரு பொட்டுதான். ஏற்கெனவே மஞ்சளாக இருப்பதற்கு மேலும் எதற்கு என்று வீராசாமி விட்டுவிட்டார் போல.

எண்ணினார்கள்.

கல்லூரி மொத்தமும் பச்சைப் பெட்டிக்குள் இருந்தது. குழைத்துப் பூசிய மஞ்சள் திரைக்குப் பின்னால் தகதகவென்று மின்னியிருக்கிறது. அதன் பக்கத்தில் பெயிண்ட் மஞ்சள் சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடந்திருக்கிறது. மஞ்சளைத் தேடிப் போனவன் மஞ்சளைக் கண்டதும் போட்டுவிட்டு வந்துவிட்டான். இன்னொன்று என்ன நிறம் என்று பார்க்க அவனுக்கு என்ன தலைவிதி? நானும் அப்படித்தான். ஜம்புலிங்கமும் அப்படித்தான்.

மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. கலீலுல்லா எழுந்து, அது தன்னுடையது என்றான். பளிச்சென்று இருப்பது ஜம்புலிங்கத்தின் பெட்டி என்று ஒதுங்கி, மற்றதில் போட்டானாம்.

மறுபடி தேர்தல் வைக்கச் சொல்லி ஜெயித்தவனே மன்றாடினான். விழுந்த ஓட்டு விழுந்ததுதான் என்றார் துரை. அவர்கள் தேசத்தில் மஞ்சள் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் நான் வாயே திறக்கவில்லை. இஞ்சின்காரர் பேசின் பிரிட்ஜிலேயே வண்டியை நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். ஜம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். வீராசாமி அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் கை.

அவனைத் தனியாக விட மனம் வராமல், அம்பத்தூரில் இறங்காமல் நானும் ஆவடி வரை போனேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே வீராசாமியின் மாட்டு வண்டி நின்றது. அதில் ஒரு புதுக் கலப்பை.

வீராசாமி குட்டை. அந்த மேழியைப் பிடிக்க அவர் ஏணிதான் போட வேண்டும். ஜம்புலிங்கம் ஆறடி. அவன் சும்மா கை வைத்துப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதற்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. பூசி நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். காய்ந்து வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது.