கிழக்கு மடல்

“உங்கட அளவுதான் பிழை மதுரன். இன்னொருக்காப் பாருங்க.”

பேராசிரியை சுலோஜனா ஆய்வேட்டைத் திருப்பித் தள்ளினார். இது மூன்றாம் தடவை.

மதுரன் ஆராய்ந்தது வானொலி அலை வீசும் ஒரு விண்மீன் மண்டலத்தை. நடுவில் சின்னக் கரு. இருபக்கமும் லட்சக்கணக்கான ஒளியாண்டுக்கு நீண்ட இரண்டு மடல்கள். கருவின் வீச்சு மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். அதை மட்டும் அளக்கத்தான் சுலோஜனா சொல்லியிருந்தார். அவன் மடல்களையும் அளந்துவிட்டான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எஸ். கனகசூரியம் என்பவர் எழுதிய கட்டுரையில் இருந்ததைவிடக் கிழக்கு மடலின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

“அவ்வளவு பெரிய மடல் இருவது வருசத்தில மாறேலாது மெடம். அப்ப பழைய கணக்குத்தான் பிழைச்சிருக்கு.”

“உலகம் முழுக்கப் பாவிக்கிற கட்டுரை அது. நீங்க பிழை எண்டா ஆர் நம்புவாங்க?”

வீச்சு மாறாத வேறு மூன்று வானொலி மூலங்களோடு ஒப்பிட்டுத் தன் அளவைச் சரிபார்த்ததை அவன் எடுத்துச் சொன்னான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு போகாது. ஆய்வேடு போகாவிட்டால் மேற்படிப்புக்கு நோர்வேயில் கிடைத்த இடமும் போய்விடும். ஊரில், பனிச்சங்கேணியில், மகன் நோர்வே போகிறான் என்று தோணிக்காரர் எல்லாரிடமும் அப்பா சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள், தான் அளந்த எண்ணை அழித்துவிட்டுப் பழைய எண்ணையே அடித்தான்.

சுலோஜனா கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காமலே புரட்டினார்.

அன்று மத்தியானம் கனகசூரியத்தின் கட்டுரை வந்த பழைய சஞ்சிகையைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனான். நோர்வே போய்ச் சேர்ந்ததும் அந்த மனிதருக்கே உண்மையை எழுதிவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். நூலகர் முத்தலிப்பிடம் கட்டுரையைக் காட்டி, இந்தக் கனகசூரியம் இப்போது எங்கே இருக்கிறார், கடிதம் போட விலாசம் கிடைக்குமா என்று கேட்டான்.

முத்தலிப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“கடிதம் என்னத்துக்குத் தம்பி? கனகசூரியம் தகப்பன்ட பேர். கலியாணத்துக்கு முன்ன உங்கட சுலோஜனா மெடம் இந்தப் பேர்லதான் எழுதினவ.”